மூட்டு மாற்று ஆபரேஷனும் வீட்டுக்காரர்களும்: விட்டுப்போன ஒரு கணக்கு

முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷனின் வரலாறு என்று தேடினால், கிடைப்பதெல்லாம் டாக்டர்களின் வரலாறு. யார் முதலில் செய்தார், எந்த உலோகம், எந்த பிளாஸ்டிக், எந்த ஊர் ஆஸ்பத்திரி. எல்லாம் சரி. ஆபரேஷன் முடிந்து ஆட்டோவிலோ காரிலோ வீட்டுக்கு வந்து இறங்கியதும் வாக்கரைப் பிடித்துக் கொடுத்தது யார், ராத்திரி இரண்டு மணிக்கு பாத்ரூமுக்குக் கூட்டிப்போனது யார் என்று எந்தப் புத்தகமும் சொல்வதில்லை. பெரும்பாலும் அது கணவனோ மனைவியோதான்.

நான் படிப்பது பி.காம். மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் செலவு ஒரு கணக்கிலிருந்து காணாமல் போனால், அது வேறு எங்கோ ஏறியிருக்கும் என்பது மட்டும் தெரியும். அந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு இந்த வரலாற்றைப் பார்க்கலாம் என்று தோன்றியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூட்டு நோய்க்கு மருந்து ஒன்றே ஒன்றுதான்: அசையாமல் படுத்திருப்பது. இங்கிலாந்தின் லிவர்பூலில் ஹ்யூ ஓவன் தாமஸ் (1834–1891) என்று ஒரு டாக்டர் இருந்தார். அவருடைய அப்பா டாக்டர் இல்லை, பரம்பரையாக எலும்பு கட்டும் வைத்தியர். நம் பக்கத்தில் புத்தூர்க் கட்டு என்கிறோமே, அந்த மாதிரி ஒரு குடும்பம். மகன் முறையாக மருத்துவம் படித்துவிட்டு, அப்பாவின் கைவேலையையும் விடாமல் வைத்துக்கொண்டார். நோயுற்ற மூட்டுக்கு ஓய்வு வேண்டும், அது கட்டாயமான, இடைவிடாத, நீண்ட ஓய்வாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்காகவே காலை அசையவிடாமல் பிடித்து வைக்க ஓர் இரும்புச் சட்டம் செய்தார். அந்த தாமஸ் ஸ்பிளிண்ட் பிற்பாடு முதல் உலகப்போரில் தொடை எலும்பு முறிந்த எத்தனையோ சிப்பாய்களின் உயிரைக் காப்பாற்றியது. போர்க்களத்துக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர் மனைவியின் உறவுப் பையன் ராபர்ட் ஜோன்ஸ். தடிமனாகப் பஞ்சு வைத்துச் சுற்றும் ராபர்ட் ஜோன்ஸ் கட்டு என்ற பெயரை முழங்கால் ஆபரேஷன் நடக்கும் இடங்களில் இன்றும் கேட்கலாம்.

மாதக்கணக்கில் படுத்திருப்பவருக்கு யாராவது சோறு ஊட்டித்தானே ஆக வேண்டும்? பணமிருந்தால் நர்ஸ், இல்லாவிட்டால் வீட்டுப் பெண்கள். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய விஷயம் என்று அப்போது யாருக்கும் தோன்றியிருக்காது.

செயற்கை மூட்டு பொருத்தும் முயற்சி 1890-ல் பெர்லினில் ஆரம்பித்தது. தெமிஸ்டோக்ளஸ் குளூக் என்ற ஜெர்மன் டாக்டர், காசநோயால் அரித்துப்போன முழங்காலை எடுத்துவிட்டு யானைத் தந்தத்தில் செய்த கீல் ஒன்றை வைத்தார். கதவுக்குப் போடுவோமே, அந்தக் கீலேதான். கொஞ்ச நாள் நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் உள்ளே காசநோய்க் கிருமி இருக்கிறதே! சீழ் பிடித்து எல்லாம் தோற்றுப்போயின. ஆன்டிபயாடிக் வருவதற்கு ஐம்பது வருஷம் முன்பே பிறந்துவிட்ட யோசனை, பாவம்.

அதற்குப் பிறகு அறுபது வருஷம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1950-களில் சுவீடனில் வால்டியஸ், இங்கிலாந்தில் ஷியர்ஸ் என்று சிலர் மறுபடி கீல் மூட்டுகளைச் செய்தார்கள். கீலில் என்ன சிக்கல் என்றால், கதவு ஒரே அச்சில் சுழலும், முழங்கால் அப்படி இல்லை. மடக்கும்போது எலும்பு உருளும், கூடவே வழுக்கும், லேசாகத் திரும்பவும் செய்யும். கீல் அதற்கெல்லாம் இடம் கொடுக்காமல் எலும்பை நெம்பி ஆட்டம் கொடுத்துவிடும்.

விடை இடுப்பு மூட்டிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் ஜான் சார்ன்லி 1962 முதல் உலோகப் பந்து, பாலிஎத்திலின் கிண்ணம், எலும்பு சிமெண்ட் என்று ஒரு சேர்க்கையைப் பயன்படுத்தி ஜெயித்தார். அவரிடம் வேலை செய்த கனடாக்காரர் ஃபிராங்க் கன்ஸ்டன் அதே பொருள்களை முழங்காலுக்குக் கொண்டுவந்தார், 1968-ல். கீல் போனது, உலோகம் பிளாஸ்டிக் மேல் உருண்டது. 1974-ல் நியூயார்க்கில் ஜான் இன்சால், பீட்டர் வாக்கர், சித்ரஞ்சன் ரணாவத் மூவரும் உருவாக்கிய டோட்டல் காண்டைலர் மூட்டு பயன்பாட்டுக்கு வந்தது. இன்று பொருத்தப்படும் மூட்டுகளில் பெரும்பாலானவை அதன் வம்சாவளிதான். ரணாவத் இந்தியாவில் பிறந்து, இந்தூரில் மருத்துவம் படித்தவர். அவரை இன்னும் கொஞ்ச நேரத்தில் மறுபடி சந்திப்போம்.

இதுவரை டாக்டர்களின் வரலாறு. இனிமேல்தான் நம் விஷயம்.

அந்த 1970-களில் முழங்கால் மாற்றியவர்கள் இரண்டு மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். முதல் சில நாள் தடித்த கட்டு, அசையக்கூடாது, பிறகு மெதுவாக மடக்கப் பழக்குவார்கள். ஹ்யூ ஓவன் தாமஸின் ஆவி அப்போதும் வார்டில் உலவிக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் படுக்கைக்கு எதிரான குரல் முன்பே கிளம்பிவிட்டது. 1947-ல் ரிச்சர்ட் ஆஷர் என்ற லண்டன் டாக்டர், படுக்கையில் கிடப்பதன் ஆபத்துகளைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார். ரத்தம் உறைகிறது, தசை கரைகிறது, நுரையீரலில் சளி கட்டுகிறது, மலச்சிக்கல், படுக்கைப் புண், கடைசியில் மனமும் சோர்ந்துபோகிறது என்று உறுப்பு உறுப்பாகப் பட்டியல் போட்டுக் கிண்டலடித்திருப்பார். கனடாவில் ராபர்ட் சால்ட்டர் மூட்டை அசைத்துக்கொண்டே இருந்தால்தான் குருத்தெலும்பு ஆறும் என்று முதலில் முயல்களை வைத்துக் காட்டினார். அதிலிருந்து காலைத் தானாக மடக்கி நீட்டும் மெஷின் வந்தது. முழங்கால் மாற்றியவர்களுக்கு அந்த மெஷினால் பெரிய லாபமில்லை என்று பிறகு வந்த ஆய்வுகள் சொல்லிவிட்டன. ஆனால் அசைவு நல்லது என்ற கருத்து நின்றுவிட்டது. 1990-களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கேலெட் இன்னும் ஒரு படி மேலே போனார். வலியைப் பல வழிகளில் அடக்கு, மார்ஃபீனைக் குறை, சீக்கிரம் சாப்பாடு கொடு, எழுப்பி நடக்க வை. குடல் ஆபரேஷனில் ஆரம்பித்த இந்த முறை இடுப்புக்கும் முழங்காலுக்கும் வந்தது. இப்போது பல இடங்களில் ஆபரேஷன் நடந்த அன்றைக்கே எழுந்து நிற்க வைக்கிறார்கள்.

இது நல்ல மருத்துவம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. படுத்தே கிடந்திருந்தால் காலில் ரத்தம் உறைந்து போய்ச் சேர்ந்திருப்பவர்கள் இன்று கோயில் பிரகாரம் சுற்றுகிறார்கள்.

ஆனால் அதே காலத்தில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. அது மருத்துவம் இல்லை, அக்கவுண்ட்ஸ். அமெரிக்காவில் முதியோருக்கான அரசு காப்பீடான மெடிகேர், 1983 வரை ஆஸ்பத்திரிக்கு ஆன செலவைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. நோயாளி பத்து நாள் இருந்தால் பத்து நாள் செலவு. 1983-ல் முறையை மாற்றினார்கள். இன்ன நோய் வகை என்றால் இவ்வளவுதான், ஒரே தொகை. எத்தனை நாள் வைத்திருந்தாலும் அதே பணம். காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வருமானம் நிலையாகிவிட்டால் லாபம் பார்க்க ஒரே வழி செலவைக் குறைப்பது. படுக்கை நாள்தான் செலவு.

அமெரிக்காவில் மெடிகேர் நோயாளிகள் முழங்கால் மாற்று ஆபரேஷனுக்காகச் சராசரியாகத் தங்கிய நாட்கள் 1990-களின் தொடக்கத்தில் 7.9. 2010 வாக்கில் 3.5. அதே காலத்தில் முப்பது நாளுக்குள் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 4.2 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானார்கள். நிறையப் பேரை வீட்டுக்கு அனுப்பாமல் நடுவில் ஒரு மறுவாழ்வு விடுதிக்கு அனுப்பினார்கள். அதுவும் செலவுதானே? 2016 ஏப்ரலில் 67 நகரப் பகுதிகளில் ஒரு புதுத் திட்டம் வந்தது. ஆபரேஷன் மட்டுமல்ல, அதற்குப் பிந்தைய 90 நாள் செலவுக்கும் ஆஸ்பத்திரியே பொறுப்பு. விடுதிகளுக்கு அனுப்புவது குறைந்தது. நோயாளிகள் நேராக வீட்டுக்கு. 2018-ல், இந்த ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாகச் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற மெடிகேர் விதியும் போனது. 2020-ல் படுக்கையே இல்லாத பகல்நேர ஆபரேஷன் நிலையங்களிலும் செய்யலாம் என்று ஆனது. காலையில் போய் சாயங்காலம் திரும்பலாம்.

இரண்டு மூன்று வாரம் சாயங்காலமாகச் சுருங்கிவிட்டது. கால் அதே வேகத்தில் ஆறுகிறதா என்றால், இல்லை. தையல் பிரிக்க அதே இரண்டு வாரம் ஆகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் மாதத்தில் தொடைத் தசையின் பலம் முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். அது திரும்ப மாதக்கணக்கில் ஆகும். அப்படியானால் நர்ஸும் ஆயாவும் வார்டு பாயும் செய்துகொண்டிருந்த வேலையெல்லாம் எங்கே போனது?

எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். பாளையங்கோட்டையில் ஆச்சிக்கு வலது முழங்கால் மாற்றினார்கள். நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தாத்தாவுக்கு 74 வயது. காபி ஆறிப்போனால் சூடு பண்ணக் கூப்பிடும் ஆசாமி. அவர்தான் இப்போது தலைமை நர்ஸ். கட்டில் தாழ்வு என்று கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தினார். பாத்ரூம் மிதியடியைத் தூக்கி வெளியே எறிந்தார், வாக்கர் தடுக்குமாம். ஐஸ் பையைத் துண்டில் சுற்றி இருபது நிமிஷம், ஒரு நாளைக்கு நாலைந்து தரம். முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கக் கூடாது, சுகமாகத்தான் இருக்கும், ஆனால் கால் நேராக நீளாமல் போய்விடும். ஆச்சி தூக்கத்தில் வைத்துக்கொள்வாள், இவர் எழுந்து உருவிவிடுவார். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். இதை அவர் மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே பின்னால் நிற்பார். கெண்டைக்கால் வீங்குகிறதா, சுடுகிறதா, காய்ச்சல் உண்டா என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்.

கஷ்டமான பகுதி மடக்குவதுதான். தொண்ணூறு டிகிரி வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். "ஏளா, இன்னும் கொஞ்சம் மடக்கு." "போதும்ங்க, உயிர் போகுது." ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவளை வலிக்க வைக்க வேண்டியிருக்கிறது, அதுவும் தினமும் மூன்று தரம். பிசியோதெரபிஸ்ட் செய்தால் அது தொழில், முடித்துவிட்டு வண்டி ஏறிப் போய்விடுவார். தாத்தாவுக்குப் போக இடமில்லை. ஒரு நாள் மடக்கி முடித்துவிட்டுப் பின்வாசலில் போய் நின்றுகொண்டார், நான் அந்தப் பக்கம் போகவில்லை.

நான் அவர் வேலையை ஒரு நாள் கூட்டிப் பார்த்தேன், நம் புத்தி எங்கே போகும்? :) சமையல் சேர்க்காமல் தோராயமாக ஆறு மணி நேரம். ஆறு வாரத்துக்கு 252 மணி நேரம். ஆஸ்பத்திரி பில்லில் பஞ்சுக்குக்கூட ஒரு வரி இருந்தது, இதற்கு இல்லை. முதலாளி தன் சொந்தக் கட்டடத்தில் கடை வைத்து, தானே உட்கார்ந்து வியாபாரம் பார்த்தால், கொடுக்காத வாடகையையும் வாங்காத சம்பளத்தையும் நோஷனல் காஸ்ட் என்று சேர்த்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் உண்மையான லாபம் தெரியாது என்று எங்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். பெட்டிக்கடைக்கு இருக்கும் இந்த மரியாதை தாத்தாவுக்கு இல்லை.

வீட்டில் பார்த்துக்கொள்வதை ஒரு வேலையாகக் கணக்கில் எடுத்த நாடு உண்டா என்றால், உண்டு. பிரிட்டன். ஆனால் அந்தக் கதையிலும் ஒரு திருகல் இருக்கிறது. 1976-ல் அங்கே ஓர் உதவித்தொகை கொண்டுவந்தார்கள். கடுமையாக நோயுற்ற ஒருவரைக் கவனிப்பதற்காகச் சம்பள வேலைக்குப் போக முடியாதவர்களுக்கு வாராவாரம் பணம். யார் யாருக்கு? ஆண்களுக்கு உண்டு. மணமாகாத பெண்களுக்கு உண்டு. கணவனோடு வாழும் மனைவிக்கு மட்டும் கிடையாது. ஏனென்றால் அவள் எப்படியும் வீட்டில்தானே இருக்கப்போகிறாள்! அரசாங்கத்தின் வாதம் உண்மையிலேயே இதுதான்.

ஜாக்குலின் டிரேக் என்ற பெண், தன் தாயைக் கவனிப்பதற்காக 1984-ல் வேலையை விட்டவர், இதை எதிர்த்து வழக்குப் போட்டார். ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 1986 ஜூன் 24-ம் தேதி, மணமான பெண்களை விலக்குவது ஆணும் பெண்ணும் சமம் என்ற ஐரோப்பிய விதிக்கு விரோதம் என்று தீர்ப்பு வந்தது. தோற்கப்போவது தெரிந்த பிரிட்டிஷ் அரசு, அதற்கு முந்தின நாளே மணமான பெண்களுக்கும் தருகிறோம் என்று அறிவித்துவிட்டது. பத்து வருஷம்! மனைவி செய்தால் அது வேலை இல்லை என்ற எண்ணத்தைச் சட்டத்திலிருந்து எடுக்க அவ்வளவு காலம் ஆயிற்று. ஆறு வார முழங்கால் கவனிப்புக்கெல்லாம் அந்தத் தொகை கிடைக்காது, அது நீண்டகால நோய்க்கானது. ஆனாலும் இந்தக் கட்டுரைக்காகப் படித்தவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது தந்த மூட்டு இல்லை, இந்த வழக்குதான்.

இந்தியாவுக்கு வருவோம். இங்கே இந்த ஆபரேஷனை வீட்டுக்கு வீடு பேச வைத்தது ஒரு பிரதமரின் முழங்கால். 2000 அக்டோபரில் வாஜ்பாய்க்கு மும்பை பிரீச் கேண்டி ஆஸ்பத்திரியில் இடது முழங்கால் மாற்றினார்கள், 2001 ஜூனில் வலது. செய்தவர் நியூயார்க்கிலிருந்து வந்த அதே ரணாவத். பிரதமருக்கு வாக்கர் பிடிக்க ஆளுக்குப் பஞ்சமிருக்காது. மற்றவர்களுக்கு?

நம் ஊரில் மூட்டு மாற்றிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஐம்பது வயதுக்கு மேல் மூட்டுத் தேய்மானம் அவர்களுக்குத்தான் அதிகம். ஆக, இந்த ஓர் ஆபரேஷனில் மட்டும் வழக்கம் தலைகீழாகிறது. வாழ்நாள் முழுக்கக் கவனிக்கப்பட்டவர் கவனிப்பவராகிறார். 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய தலைகீழ் என்று புரியும். 15 முதல் 59 வயதுள்ளவர்களில், வீட்டாரைக் கவனிக்கும் வேலையில் ஈடுபட்டவர்கள் பெண்களில் 41 சதவீதம், ஆண்களில் 21.4 சதவீதம். அப்படி ஈடுபட்ட பெண்கள் செலவிட்டது ஒரு நாளைக்கு 140 நிமிஷம், ஆண்கள் 74 நிமிஷம். பயிற்சி இல்லாத ஒருவரிடம் ஒரே ராத்திரியில் மொத்த வார்டையும் ஒப்படைக்கிறோம். அல்லது, கணவர் இல்லாதபோதோ முடியாதபோதோ, வேலையை விட்டுவிட்டு மகளோ மருமகளோ வருகிறாள்.

பணப் பக்கம் அரசு செய்த பெரிய காரியம் 2017 ஆகஸ்ட் 16-ல் நடந்தது. தேசிய மருந்து விலை ஆணையம் செயற்கை மூட்டுக்கு உச்சவரம்பு போட்டது. சராசரியாக 1,58,324 ரூபாய்க்கு விற்ற கோபால்ட் குரோமியம் மூட்டு 54,720 ரூபாய் (ஜிஎஸ்டி தனி). இடைத்தரகு லாபம் எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்யும் ஏற்பாடு இருக்கிறது. வீட்டுக்குள் நடக்கும் வேலையையும் மருத்துவம் என்று ஒத்துக்கொண்ட திட்டம் என்பதால் எனக்கு அதன் மேல் தனி மரியாதை.

காப்பீடு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. 2020-ல் எல்லா கம்பெனிகளும் விற்க வேண்டும் என்று வந்த ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியை எடுத்துப் படித்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு 60 நாள் வரை ஆகும் மருத்துவச் செலவு உண்டு. நல்லதுதான். பின்னிணைப்பில், பாலிசியில் தராத பொருள்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. குழந்தை உணவு, டெலிபோன், சலவை, பிணவறைக் கட்டணம் இவற்றோடு சேர்ந்து அதில் இருப்பவை: ஐஸ் பை, கிரேப் பேண்டேஜ், முழங்கால் பட்டை, நடக்க உதவும் சாதனங்கள், உதவியாளர் கட்டணம். தாத்தா தினமும் கையில் எடுத்த சாமான்கள் அத்தனையும், கடைசியில் தாத்தாவும்.